பணம் வேண்டாம், தாயம் போதும்: வரப்போகும் 'பார்ட்டி கேம்'கள் உத்தனப்பள்ளி ஹாஸ்டல் அறைக்கும் வருமா?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. ஒரு பக்கம் தக்காளித் தோட்டம், ரோஜா வளரும் பசுமைக்குடில். இன்னொரு பக்கம் கம்பெனி பஸ், ஹாஸ்டல், வாடகை ரூம். அருகிலிருக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் பாகங்கள் தயாராகின்றன. அங்கு வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூர் ஆலை வேலைக்காகப் பயிற்சி பெறுகிறார்கள் என்று 2022 நவம்பரில் சொன்னார் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ்.

இப்படிப்பட்ட ஒரு பகுதியில் நாலு பேர் தங்கும் ஓர் அறையை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்குத் தெலுங்கு, ஒருவருக்குக் கன்னடம், இன்னொருவருக்கு இந்தி. ஷிப்ட் முடிந்து வந்ததும் நாலு பேரும் நாலு போனைக் கையில் எடுக்கிறார்கள். நாலு ஹெட்போன், நாலு ரீல்ஸ். பேச்சு என்பது "சாப்டாச்சா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. போனுக்கு உடம்பு செய்துகொடுக்கும் ஊரில், அந்தப் போனே அறையை நாலாகப் பிரித்துவிடுகிறது.

இதே போனால் அந்த நாலு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கவும் முடியும். அதற்கென்றே ஒரு விளையாட்டு வகை இருக்கிறது. பெயர் 'பார்ட்டி கேம்'. ஒவ்வொரு சீசனிலும் புதிதாக ஒன்று அறிவிக்கப்படுகிறது, டிரெய்லர் வருகிறது, வைரல் ஆகிறது. ஆனால் அடுத்து வரப்போகும் பார்ட்டி கேம் யாருடைய அறையை மனதில் வைத்துச் செய்யப்படுகிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பார்ட்டி கேம் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், பரமபதப் பலகையும் பள்ளிக்கூட விளையாட்டு விழாவும் ஒன்றாகச் சேர்ந்தது. திரையில் ஒரு பலகை. ஆளாளுக்கு ஒரு காய். பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நகர வேண்டும். எல்லோரும் ஒருமுறை நகர்ந்து முடித்ததும் ஒரு மினி கேம் வரும். குதிப்பது, ஓடுவது, எண்ணுவது, பிடிப்பது என்று பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் குட்டிப் போட்டி. பிறகு மறுபடியும் பகடை.

இந்த வகையைப் பிரபலமாக்கியது 'மரியோ பார்ட்டி'. ஜப்பானின் ஹட்சன் சாஃப்ட் உருவாக்கி, நின்டெண்டோ 1998 டிசம்பரில் வெளியிட்டது. மினி கேமில் ஜெயித்தால் காசு, அதாவது விளையாட்டுக் காசு. அந்தக் காசைக் கொடுத்து நட்சத்திரம் வாங்கலாம். கடைசியில் யாரிடம் அதிக நட்சத்திரமோ அவரே வெற்றியாளர். 2024 அக்டோபரில் வந்த 'சூப்பர் மரியோ பார்ட்டி ஜம்போரி'யில் மினி கேம்கள் மட்டுமே 110-க்கு மேல். அதன் மேம்பட்ட பதிப்பு 2025 ஜூலையில் ஸ்விட்ச் 2 கருவிக்கு வந்தது.

இதில் என்ன சூட்சுமம்?

கிரிக்கெட் கேமில் நன்றாக ஆடத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார். புதிதாக வருபவர் பத்து நிமிடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார். பார்ட்டி கேமில் அப்படி இல்லை. மினி கேமில் திறமை வேலை செய்யும், பகடையில் அதிர்ஷ்டம் வேலை செய்யும். ஆட்டம் முடியும் நேரத்தில் 'போனஸ் நட்சத்திரம்' கொடுத்து, பின்தங்கியவரை மேலே தூக்கிவிடவும் மரியோ பார்ட்டியில் வழி உண்டு.

"இது அநியாயம்" என்று தீவிர கேமர்கள் பல வருடமாகப் புலம்புகிறார்கள். ஆனால் அந்த அநியாயம்தான் இந்த வகையின் உயிர். தோற்றவர் "எனக்குத் தெரியாது" என்று வெட்கப்பட வேண்டியதில்லை. "எனக்கு விழவே இல்ல" என்று சிரித்துவிட்டுப் போகலாம். பாட்டியும் பேத்தியும் ஒரே பலகையில் ஆட முடிவது அதனால்தான்.

உத்தனப்பள்ளி அறைக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. பகடைக்கு மொழி கிடையாது. ஆறு விழுந்தால் யாருக்கும் ஆறுதான். அம்புக்குறி காட்டினால் அந்தப் பக்கம் குதிக்க வேண்டும் என்பது ஹசாரிபாக்கிலிருந்து வந்தவருக்கும் புரியும், ஹரூரிலிருந்து வந்தவருக்கும் புரியும். மூன்றே ஆட்டத்தில் "போடு போடு", "ஐயோ", "வெட்டிட்டா" எல்லாம் அறையின் பொதுமொழி ஆகிவிடும்.

இது வெளிநாட்டுச் சரக்கு இல்லையா?

பலகை நம்முடையது. தாயம் ஆடியவர்களுக்கு இது தெரியும். தாயக்கட்டை இரண்டையும் உருட்டி, ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். எதிராளி காயை வெட்டினாலும் உருட்டலாம். ஒரு காயாவது வெட்டாமல் பழம் ஏற முடியாது என்பது பல வீடுகளில் விதி. கட்டை இல்லையென்றால் சோழி. அதுவும் இல்லையென்றால் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடும் வழக்கமும் இன்னும் இருக்கிறது.

இந்தியாவின் பச்சீசியை எளிமையாக்கி, 1896-ல் இங்கிலாந்தில் 'லூடோ' என்று காப்புரிமை வாங்கினார்கள். அது திரும்பி வந்து, 2016-ல் மும்பை நிறுவனமான கேமேஷன் உருவாக்கிய 'லூடோ கிங்' செயலியாக போனுக்குள் ஏறியது. 2020 ஊரடங்கில் குடும்பம் குடும்பமாக அதை ஆடினார்கள். ஒரே போனைக் கைமாற்றி ஆடலாம், அறைக் குறியீடு அனுப்பி வேறு ஊரில் இருக்கும் அண்ணனோடும் ஆடலாம். 50 கோடி பதிவிறக்கத்தைத் தாண்டிய முதல் வரிசை இந்திய கேம்களில் அதுவும் ஒன்று.

ஆக, ஆடுவதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பகடைக்குள் பணம் புகுந்ததுதான் பிரச்சினை.

பணம் எப்படி உள்ளே வந்தது?

லூடோவின் வெற்றியைப் பார்த்ததும், அதே பலகையில் பந்தயம் கட்டும் செயலிகள் வரிசையாக வந்தன. பத்து ரூபாய் கட்டினால் பதினெட்டு ரூபாய் என்கிற பாணியில் விளம்பரம். லூடோ திறமையா, அதிர்ஷ்டமா என்று 2021-ல் மும்பை உயர் நீதிமன்றம் வரை விவகாரம் போனது.

இங்கேதான் பகடை தன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. பின்தங்கியவரைத் தூக்கிவிட்டு எல்லோரையும் சிரிக்க வைக்கும் அதே அதிர்ஷ்டம், பணம் கட்டியதும் "அடுத்த ஆட்டத்துல எடுத்துடலாம்" என்று கையைப் பிடித்து இழுக்கிறது. சகுனி கதையில் தர்மரை எழவிடாமல் வைத்திருந்ததும் இந்த நினைப்புதான். ஆட்டத்தில் சுவாரசியம் கூட்டும் விதி, பந்தயத்தில் சம்பளத்தைக் கரைக்கும் விதி ஆகிவிடுகிறது. தனி அறை, நைட் ஷிப்ட், ஊரிலிருந்து தூரம், மாதம் பிறந்ததும் கணக்கில் விழும் சம்பளம்: தொழிற்பேட்டை வாழ்க்கையின் இந்த நாலு விஷயமும் பந்தயச் செயலிக்கு வசதியானவை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு இதில் முன்பே இறங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2022-ல் பரிந்துரை கொடுத்தது. 2023 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறகு பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடையும் விதிக்கப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3-ல் அவற்றை உறுதி செய்தது.

அடுத்து மத்திய அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆன்லைன் கேமிங் மசோதா 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுவது என்றால் தடை. அப்படி ஆட்டம் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பல நிறுவனங்கள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகளும் நீதிமன்றம் போயின.

பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. இதே சட்டம் 'ஆன்லைன் சமூக விளையாட்டு' என்று ஒரு தனி வகையைச் சொல்கிறது. பந்தயம் இல்லாமல், சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கி நடத்தும் பொழுதுபோக்கு ஆட்டங்களுக்கு இதில் இடம் உண்டு. அதாவது, பகடைக்குத் தடை இல்லை, பந்தயத்துக்குத்தான் தடை. பார்ட்டி கேம் செய்ய நினைக்கும் சென்னை, கோவை, பெங்களூரு ஸ்டுடியோக்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. தடை போட்டால் ஒரு பழக்கம் நிற்கலாம். அந்த நேரத்தை நிரப்ப வேறு ஒன்று வேண்டும். மரியோ பார்ட்டியைச் சொல்லலாம் என்றால், கருவிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். தவிர டிவி, கன்ட்ரோலர் வேண்டும். பத்துச் சுற்று என்று குறைத்து வைத்தாலும் ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் பக்கம் ஆகும். விடிகாலை பஸ் பிடிக்க வேண்டியவருக்கு அது கட்டுப்படியாகாது.

இலவசச் செயலிகளுக்கு வேறு வியாதி. மூன்று முறை உருட்டினால் ஒரு விளம்பரம். எதிரே ஆடுவது முகம் தெரியாத ஆளா, கம்ப்யூட்டரா என்றே தெரியாது. அதற்குப் பெயர் பார்ட்டி இல்லை. அது நாலாவது ரீல்ஸ்.

"போனே வேண்டாம், ஒரு தாயக்கட்டை வாங்கி ஆடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், தாராளமாக ஆடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன தோழியும், ஜார்க்கண்டில் இருக்கும் தங்கையும் அதே பலகையில் உட்கார போன் தேவைப்படுகிறது. "பணம் இல்லாம ஆடினா விறுவிறுப்பு இருக்காது" என்பது இன்னொரு வாதம். ஊரடங்கில் லூடோ ஆடிய குடும்பங்களைக் கேட்டாலே பதில் கிடைக்கும். காய் வெட்டுப்பட்டதற்கு ரெண்டு நாள் பேசாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

வரப்போகும் கேமில் என்ன இருக்க வேண்டும்?

புதிய பார்ட்டி கேம் ஒன்றை டவுன்லோடு செய்யும் முன் ஐந்து கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, ஒருவர் வாங்கினால் நாலு பேர் ஆடலாமா? அமெரிக்காவின் ஜாக்பாக்ஸ் கேம்களில் ஒருவர் வாங்கினால் போதும். மற்றவர்கள் அறைக் குறியீட்டைத் தட்டித் தங்கள் போனிலேயே சேர்ந்துகொள்வார்கள். செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டு, விலை குறைந்த போனில், இன்டர்நெட் இல்லாத நேரத்தில் ஓடுமா?

மூன்று, இருபது நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடியுமா? ஷிப்ட் ஆட்களுக்குத் தூக்கமும் சம்பளம் மாதிரிதான்.

நான்கு, படிக்காமலே விதி புரியுமா? எழுத்து வந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தியில் வருமா?

ஐந்து, பணம் எங்கே கேட்கிறது? ஒருமுறை விலை வாங்கினால் சரி. ஜெயிப்பதற்குக் காசு கேட்டால் மூடி வையுங்கள். ஜெயித்தால் காசு தருகிறேன் என்றால் அழித்தே விடுங்கள்.

இந்த ஐந்துக்கும் 'ஆமாம்' சொல்லும் ஒரு கேம் வந்தால், அதற்கு உலகத்தரம் கிராபிக்ஸ் தேவைப்படாது. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர் என்று ஹாஸ்டல் இருக்கும் எல்லா ஊரும் அதன் சந்தை. இதைச் செய்யும் ஸ்டுடியோவுக்கு லாபமும் உண்டு, சட்டத் தொல்லையும் இல்லை. தொழிலாளர் விடுதி நடத்துபவர்களும் பொது அறையில் ஒரு டிவியும் இப்படி ஒரு கேமும் வைப்பதைப் பெரிய செலவாகப் பார்க்க வேண்டியதில்லை.

பந்தயம் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தோற்றவர் மற்ற மூன்று பேருக்கும் டீ வாங்கித் தரட்டும். அந்தக் காசு எந்தச் செயலியின் கணக்குக்கும் போகாது. நாலு பேரும் டீக்கடை வரை பேசிக்கொண்டே நடந்து போவார்கள்.