ஆடித் தள்ளுபடி: புத்தாடை உடுத்தும் உரிமையும் தைத்தவரின் கூலியும்

பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் உட்பிரிவு ஒன்று உண்டு. பொது இடத்தில் ஒரு தலித் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், காலணி அணிவதையும், புத்தாடை உடுத்துவதையும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அது கூறுகிறது. செருப்பையும் புதுத்துணியையும் பெயர் சொல்லிப் பாதுகாக்க வேண்டிய நிலையில் இந்த நாட்டின் நாடாளுமன்றம், விடுதலை பெற்று அறுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் இருந்தது. ஆடி மாதத் தள்ளுபடி விற்பனையைப் பற்றிப் பேசுவதற்கு நாம் இந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆடி பிறந்ததும் தியாகராய நகரிலும், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் கடைகளின் முகப்பை மறைத்துப் பதாகைகள் தொங்கத் தொடங்குகின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குச் செல்லும் புறநகர் ரயிலில் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று நிலையந்தோறும் குடும்பம் குடும்பமாக ஏறுகிறவர்களில் சிப்காட் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் விகிதம் மாநிலச் சராசரியைவிட அதிகம். இதே வட்டத்தின் தேர்வாய் கண்டிகையில், தலித் மக்கள் தலைமுறைகளாக மாடு மேய்த்த காட்டு நிலம் சிப்காட்டுக்கு எடுக்கப்பட்டு மிச்செலின் டயர் ஆலை வந்ததையும், அதற்கெதிரான முறையீடு 2012இல் பிரான்சு நாடு வரை சென்றதையும் நம் வாசகர்கள் அறிவர். மேய்ச்சல் நிலம் போனபின் மாதச் சம்பளமே எல்லாம் என்றாகிவிட்ட வீடுகளில், ஆண்டுக்கொரு முறை மொத்தமாகத் துணி எடுக்கும் காலம் ஆடி. பெரியபாளையம் பவானியம்மனுக்கு வேண்டுதல் முடிக்கப் போகும்போது வேப்பஞ்சேலை உடுத்துகிறவர்களும், வேண்டுதல் முடிந்து கட்டிக்கொள்ள ஒரு புதுச்சேலையை எடுத்து வைத்திருப்பார்கள்.

மேலை நாடுகளில் கோடை முடிவில் நடக்கும் ‘கிளியரன்ஸ்’ விற்பனைக்கும் நம் ஆடித் தள்ளுபடிக்கும் வணிகக் கணக்கு ஒன்றே. ஆடியில் திருமணம் இல்லை. ஆகவே துணி வியாபாரம் படுத்துவிடும். தேங்கிய சரக்கைக் காசாக்கி, தீபாவளிச் சரக்குக்கு இடமும் முதலும் தேடிக்கொள்வதற்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று தேங்கிய சரக்கோடு, ஆடிக்கென்றே குறைந்த விலையில் தைத்து வாங்கப்படும் தனி ரகமும் சேர்ந்தே விற்கப்படுகிறது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தியன்று. அந்தக் குறைந்த விலையை யார் சுமக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடிக் கூட்டத்தைப் பார்த்து ‘நுகர்வு வெறி’ என்று முகம் சுளிக்கும் கட்டுரைகள் ஆண்டுதோறும் வருகின்றன. அலமாரி நிறையத் துணி வைத்திருப்பவர்களின் அறவுரை அது. நம் மக்களுக்குத் துணி வேறொரு வரலாறு கொண்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது, சட்டை, பனியன், கோட்டு கூடாது, பெண்கள் இரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடலை மறைக்கக்கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். 1931 சூனில் தடைகள் பதினொன்றாக விரிந்தன. இதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1927 டிசம்பரில், மகத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் உடை உடுத்தும் முறையை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்ட வேண்டாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். உடையை அரசியலாக்கியவர்கள் நாமல்லர்.

ஆகவே 299 ரூபாய்க்கு ஒரு சட்டையும் 400 ரூபாய்க்கு ஒரு சோடிக் காலணியும் கிடைக்கிற கடையை நாம் எளிதாக இகழ முடியாது. அந்தக் கடையில் விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. வாங்க வருகிறவரின் தெருவை யாரும் கேட்பதில்லை. ஊர்க் கடையின் நிலை எப்போதும் அப்படியிருப்பதில்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களிடம் ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்லிக் கடைக்காரர் பொருள் தர மறுத்த காணொளியைத் தமிழகமே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் கொண்டு குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையத் தடை பெறப்பட்டது. அரிதாகவே கையில் எடுக்கப்படும் பிரிவு அது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு பொது உணவகத்துக்கும் விடுதிக்கும் முன்பாக, முதல் சொல்லாகக் ‘கடை’யைக் குறிப்பிடுவது தற்செயலானதன்று. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், கடை என்ற சொல்லை விரிந்த பொருளில் கொள்ள வேண்டும், பொதுமக்களுக்குச் சேவை தர முன்வரும் எல்லா இடமும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கமளித்தார்.

வாங்கிய பின்பும் கதை முடிவதில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள ராஜாவூரில், கம்பள நாயக்கன் வீதியில் தலித்துகள் செருப்பணிந்து நடக்க முடியாதிருந்தது. 2023 டிசம்பரில்தான் சுமார் அறுபது பேர் ஒன்றுசேர்ந்து செருப்புக் காலோடு அந்த வீதியைக் கடந்தார்கள். நம் கும்மிடிப்பூண்டி வட்டமும் இதற்கு விலக்கன்று. ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்மணி 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு, ஆகஸ்ட் 20 அன்று, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார்.

ராஜாவூர் திருப்பூர் மாவட்டத்தில் இருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நாட்டின் பின்னலாடைத் தலைநகரம் என்று பெயர் பெற்ற மாவட்டம் அது. ஆடித் தள்ளுபடி மேசைகளில் குவிந்து கிடக்கும் பனியன், டி-சர்ட், குழந்தை உடுப்பு ஆகியவற்றின் ஊற்றுக்கண் திருப்பூரும், அதற்கு நூல் அனுப்பும் திண்டுக்கல், ஈரோடு, விருதுநகர் வட்டாரத்து நூற்பாலைகளுமே. அவ்வாலைகளில் வேலை செய்கிறவர்களில் இளம்பெண்கள் மிகுதி. அவர்களில் தலித் பெண்கள் கணிசமானவர்கள். திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி விடுதியில் அடைத்து வைத்த ‘சுமங்கலித் திட்டம்’ இங்குதான் தழைத்தது.

கூலியை எடுத்துக்கொள்வோம். ஆயத்த ஆடைத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியைத் தமிழ்நாடு அரசு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2014 டிசம்பரில் 30 விழுக்காடு வரை உயர்த்தியது. பொறுத்துக்கொள்ள முடியாத உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வை உறுதிசெய்து, நிலுவையையும் தரச் சொன்னது. விலைவாசி ஏறிய பன்னிரண்டு ஆண்டுகளும், வழக்கு நடந்த ஒன்றரை ஆண்டும் எந்த ஆடித் தள்ளுபடியும் நிற்கவில்லை. கடைக்காரர் சரக்கின் விலையைக் குறைக்கச் சொல்கிறபோது பஞ்சின் விலையையோ மின்கட்டணத்தையோ உற்பத்தியாளரால் குறைக்க முடியாது. அவர் கை எட்டும் தூரத்தில் இருப்பது கூலி ஒன்றுதான்.

கூலிக்கு அப்பாலும் ஒரு விலை உண்டு. 2021 சனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலையுண்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அந்தக் கொலையைத் தனியொரு குற்றமாக மூடிவிட அனுமதிக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் நீண்ட போராட்டத்தின் பயனாக, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் சங்கமும் ஒருபுறம். அங்கு துணி வாங்கிய எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு நிறுவனங்களைத் தனியே பிணைக்கும் ஒப்பந்தங்கள் மறுபுறம். பாலின வன்முறையோடு சாதியப் பாகுபாட்டையும் பெயர் குறித்துத் தடை செய்ததும், உற்பத்தித் தளத்திலேயே தொழிலாளர்களைக் கண்காணிப்பாளர்களாக அமர்த்தியதும், உடன்பாட்டை மீறும் ஆலைக்கு வணிக விளைவு உண்டு என்று வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தியதும் இதன் சிறப்புகள். அதே ஆண்டு சூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்கைத் தடுத்து, செப்டம்பரில் தடையை நீக்கியது.

எச் அண்டு எம் நிறுவனத்தைப் பிணைக்க முடிந்தது. தியாகராய நகரின் ஏழுமாடிக் கடையைப் பிணைக்க முடியவில்லை. திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட விற்பனை நிறுவனங்கள் மூன்றும் அயல்நாட்டைச் சேர்ந்தவை. உள்நாட்டுக் கடைக்குச் சுங்கத் தடை என்ற அச்சமில்லை. இலண்டன் நாளேட்டில் பெயர் கெடும் கவலையுமில்லை. சட்டமும் அவர்களைத் தொடுவதில்லை. தன் வளாகத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலிக்கு முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பு; சரக்கை விலைக்கு வாங்கும் கடை, அதைத் தைத்தவருக்கு எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை. வணிகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்ற செபியின் விதி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. நம் துணிக்கடைகளில் பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். ஆக, வெளிநாட்டவர் உடுத்தும் சட்டைக்குக் கிடைத்த காப்பு, நாம் உடுத்தும் சட்டையைத் தைத்தவருக்கு இல்லை.

காலணியின் கதை இதைவிட மங்கலானது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் ‘அப்பர்’ எனப்படும் மேல்பகுதியை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சோடிக் கணக்கில் தைக்கும் பெண்களுக்கு வருகைப் பதிவேடே கிடையாது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். தோலைத் தொட்டதற்காக ஒதுக்கப்பட்டவர்களின் தொழில், இலாபம் தரத் தொடங்கியதும் கைமாறிவிட்டது. கழிவும் கூலியும் மட்டுமே பழைய இடத்தில் தங்கிவிட்டன.

கடைக்குள்ளும் பார்ப்போம். தென்மாவட்டங்களிலிருந்து அழைத்து வரப்பட்டு விடுதிகளில் தங்கவைக்கப்படும் விற்பனைப் பணியாளர்களின் வாழ்க்கையை 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் பொதுவெளிக்குக் கொண்டு வந்தது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது: ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். 2018இல் கேரளப் பெண்கள் போராடிப் பெற்றதைப் பின்பற்றி வந்த திருத்தம் இது. ஆடியில் அந்த வாய்ப்பு எப்போது வாய்க்கும்? நாற்காலி இருக்கும், அதில் வாடிக்கையாளரின் பை இருக்கும். அதே சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பிட்டு, மிகைநேர வேலையைச் சேர்த்தாலும் 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்கிறது. ஆடி மாதச் சம்பளச் சீட்டில் அந்த இரட்டைக் கூலி இருக்கிறதா என்பதைத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஆடியிலேயே சென்று பார்க்க வேண்டும். ஐப்பசியில் பார்த்துப் பயனில்லை.

வழக்கறிஞர்களாகிய நமக்கு இன்னொரு தடையும் புதிதாக வந்திருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ‘பொதுப் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும் என்ற சொற்றொடரைக் கொண்டு, அரசு அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட நிகழ்வை உச்ச நீதிமன்றம் 2025 சனவரியில், நம் திருச்சி மாவட்டத்திலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கில், சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. மேற்பார்வையாளர் தையல் தளத்தில் சாதி சொல்லி ஏசும் வழக்குகளில் இத்தீர்ப்பு நமக்கெதிராகக் காட்டப்படும். நூறு பேர் வரிசையாக அமர்ந்து தைக்கும் தளமும் கதவடைத்த அதிகாரி அறையும் ஒன்றல்ல என்ற வாதத்தை, முதல் தகவல் அறிக்கை எழுதும் நிலையிலேயே, உடனிருந்தவர்களின் பெயர்களோடு பதிவு செய்தாக வேண்டும்.

ஆடிக்கு வாங்காதீர்கள் என்று நம் மக்களிடம் சொல்ல நமக்கு மனமில்லை, சொல்வது நியாயமுமில்லை. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. தள்ளுபடிச் சரக்குக்கு அதில் விலக்கில்லை. கடை நிர்வாகங்களிடம் நாம் கேட்க வேண்டியவை வேறு. எந்த ஆலைகளிலிருந்து வாங்குகிறீர்கள் என்ற பட்டியலை வெளியிடுங்கள். குறைந்தபட்சக் கூலி தராத, பாலியல் புகார்க் குழு அமைக்காத, சாதி வன்கொடுமைப் புகார் உள்ள ஆலையின் சரக்கை நிறுத்துவோம் என்று சங்கங்களோடு எழுத்தில் உடன்படுங்கள். சீருடைகளுக்கும் இலவச வேட்டி சேலைக்கும் கொள்முதல் செய்யும் அரசு, தன் ஒப்பந்தப்புள்ளியில் இதே நிபந்தனையை முதலில் சேர்த்துக் காட்டட்டும். தீபாவளிச் சரக்குக்கான ஆணைகள் ஆடிக் கூட்டம் கலையும் முன்பே போகத் தொடங்கிவிடும். நம் மனுக்கள் அதற்கு முன் அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.