கிழ மோட்டாருக்குக் கை வைத்தியம்

படித்தவன் விரலில் மசி படலாம், மசகு படலாகாது என்றோர் எண்ணம் நம் குடும்பங்களில் வெகு காலமாக வேரூன்றிக் கிடக்கிறது. அதைக் களைவதற்குக் கொட்டகையில் நிற்கும் கிழ மோட்டாரைப் போன்ற நல்லாசிரியர் வேறில்லை என்பது நம் கருத்து.

அம்பாஸிடர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவிப் பிறந்து, கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் உருவாகிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதம் நின்றுபோயிற்று. ஆயினும் சில வீடுகளில் இன்னும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காரணம் யாதெனில், பழைய பெட்ரோல் அம்பாஸிடரின் முன் மூடியைத் தூக்கினால் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும்.

சாவியைத் திருப்பியும் இஞ்சின் அசையவில்லையா? பட்டறைக்கு ஆள் அனுப்புமுன் பாட்டரியின் முனைகளைப் பாருங்கள். வெண்பூச்சு படர்ந்திருந்தால் மின்சாரம் தடைப்படும். வண்டியின் உடலோடு இணைந்த கம்பியை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதுவே கடைசி. இம்முறையைக் கையாண்டால் ஸ்பானர் தவறி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. பாட்டரியின் மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் முனைகளைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, கம்பிகளை முடுக்கி, வாஸலின் தடவினால் போதும்.

இஞ்சின் சுழன்றும் பற்றவில்லையெனில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் 'பிளாட்டினம்' என்று பட்டறைகளில் வழங்கும் முனைகளைச் சோதிக்கலாம். அவை முழுதும் விரிந்து நிற்கையில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். கருகியிருந்தால் புதியன மாற்றுவதே சிலாக்கியம்.

துணிச்சலுக்கும் எல்லை உண்டு. சூடேறிய ராடியேட்டரின் மூடியைத் தொடலாகாது. அழுத்தத்துக்குள் அடைபட்ட நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாது அடங்கியிருக்கும். மூடி திறந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் புகாதீர்கள். பிரேக்கோ, கைதேர்ந்த தொழிலாளிக்கே உரிய வேலை. அதன் எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மலைப்பாதை இறக்கத்தில் சூடேறினால் அவ்வீரம் ஆவியாகி, மிதித்த கட்டை வெறுமனே கீழே போகும்.

சில்லறைப் பழுதைத் தாமே நீக்கப் பழகியவர்தாம் அத்தொழிலாளியின் திறமையையும் உணர்வர். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பர். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது தேசத்துக்கு மாத்திரமன்று, வீட்டுக்கும் பொருந்திய தர்மம். ஆகவே அடுத்த ஞாயிறன்று மூடியைத் தூக்கும்போது, ஆண் பெண் என்ற பேதமின்றிக் குழந்தைகளை விளக்குப் பிடிக்க அழையுங்கள். இன்று விளக்குப் பிடிக்கும் கை நாளை ஸ்பானரையும் பிடிக்கும்.