ரோதமுனி கதையை யார் எழுதுவது?

2011இல் வந்த 'ஸ்கைரிம்' கேமில், டைபர் செப்டிம் என்ற பேரரசன் டேலோஸ் சாமியான கதையை நம்ம நானுஓயா பசங்க மூச்சு விடாம சொல்வாங்க. ரோதமுனி யாருன்னு கேட்டா பலர் முழிப்பாங்க.

தேயிலை ஃபெக்டரியில் சுத்துற ரோதைக்கான சாமி அது. கவ்வாத்து வெட்டுறவங்களுக்குக் கவ்வாத்துசாமி. மாரியம்மனும் முனியாண்டியும் இந்தியாவிலிருந்து நம்ம ஆட்களோட வந்தவங்க. இந்த ரெண்டு சாமியும் இந்த மலையில, வேலைக்குள்ளேயே பிறந்ததுங்க. மெஷினில் கை சிக்கிடுமோங்கிற பயமும், கத்தி காலில் பட்டுடுமோங்கிற பயமும் அந்தக் கும்பிடலுக்குள்ள இருக்கு. அதுதான் நம்ம வரலாறு.

கேம் விளையாடுறது தப்பில்லை. ஆனா அந்த உலகத்துச் சாமிகளுக்குக் கதை எழுத சம்பளத்துக்கு ஆள் இருக்கு. நம்ம சாமிகளின் கதை தாத்தா பாட்டி வாயில்தான் இருக்கு. இந்த லீவுலயாவது போனை எடுத்து அதைப் பதிவு பண்ணுங்க.