முதற் பிரதியின் வர்ணம்

ஒரு திரைப்படம் எந்த ஸ்வரூபத்தில் முதன்முதலாக ஜனங்களின் முன் வைக்கப்பட்டதோ, அதே ஸ்வரூபத்தில் அதைக் காண்பதற்குப் பின்வரும் தலைமுறையினருக்கும் வழி இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். படத்தை எடுத்தவருக்கே பிற்காலத்தில் அது பிடிக்காமற் போனாலும், இந்த நியாயம் மாறுவதில்லை.

ஜார்ஜ் லூகாஸ் 1977இல் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ்' இதற்குப் பிரசித்தமான உதாரணம். இருபது ஆண்டுகள் கழித்து, 1997இல், கணினியால் வரைந்த உருவங்களைப் புகுத்தியும் காட்சிகளை மாற்றியும் அவர் அதை 'விசேஷப் பதிப்பு' என்று மறுபடி வெளியிட்டார். மதுக்கடையில் ஹான் சோலோ என்ற பாத்திரம் மட்டுமே சுட்ட இடத்தில், எதிராளி முந்திக்கொண்டு சுடுவதாகத் திருத்தம் நேர்ந்தது. 2004இல் வந்த டிவிடியில் வர்ணங்களும் திரிந்து, லூக் என்ற பாத்திரத்தின் நீல ஒளிவாள் ஒரு காட்சியில் பச்சையாகவே தெரிந்தது. பழைய படம் 2006இல் துணை டிஸ்க்காகக் கிடைத்ததென்றாலும், அது 1993ஆம் வருஷத்து லேசர் டிஸ்க்குக்காகச் செய்த வீடியோவிலிருந்து எடுக்கப்பட்ட மங்கலான பிரதியே. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசும் வியாபாரத்தைக் கண்டித்து, 1988இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன் சாட்சியம் சொன்னவரும் இதே லூகாஸ்தான் என்பதை நினைக்க மனம் வருந்துகிறது.

உரிமையாளர் கைவிட்ட, பழைய ஸ்வரூபத்தைக் காக்கும் காரியத்தை ரசிகர்கள் சிரமேற்கொண்டார்கள். அக்காலத்து ஈஸ்ட்மன் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடுவதால், சில ஆண்டுகளில் படம் முழுவதும் செக்கச்சிவந்து போகும். ஆனால் மூன்று சாயங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிலிமில் பதித்து அச்சிடும் டெக்னிகலர் முறையில் தயாரான பிரதிகளோ, அரை நூற்றாண்டு கழிந்தும் தம் வர்ணத்தை இழப்பதில்லை. அத்தகைய 35 மில்லிமீட்டர் பிரதியொன்றைத் தேடிப் பிடித்து, பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்து, கீறலையும் அழுக்கையும் நீக்கி உருவாக்கியதே '4கே77' என்ற ரசிகர் பதிப்பு. பல ஏடுகளை ஒப்பு நோக்கிப் பாடபேதம் கண்டு, இடைச்செருகலை விலக்கும் சுவடிப் பதிப்பாசிரியரின் சிரத்தைக்கு இந்தப் பிரயாசை எவ்விதத்திலும் குறைந்ததன்று. சட்டம் இவர்கள் பக்கம் இல்லை என்பது உண்மை. ஆயினும், பணம் கொடுத்து வாங்கலாம் என்றாலும் விற்பதற்கு நல்ல பிரதியே இல்லாத நிலையில் இவர்களைத் திருடர் என்று தூஷிப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் வர்ணத்தைச் சீர்செய்வதில் ஓர் அபாயமும் உண்டு. சிறுவயதில் கண்டதாக நினைக்கும் நிறத்தையோ, இக்காலத்து ருசிக்கு இசைந்த நிறத்தையோ படத்தின் மேல் ஏற்றிவிட்டு, அதற்குப் புனருத்தாரணம் என்று பெயர் சூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிலிமுக்கே இயல்பான மணித்தன்மையைத் துடைத்தெறிந்து, செயற்கை அறிவைக் கொண்டு முகங்களை மெழுகுப் பொம்மைகளாக்குவது அதனினும் கொடிது. 2024இல் 'ஏலியன்ஸ்' படத்துக்கு இந்தக் கதியை இழைத்தது ரசிகர்கள் அல்லர், உரிமையாளர்களே. மங்காத பிரதியொன்று பிரமாணமாகக் கையில் இருந்தாலன்றி வர்ணத்தில் கைவைக்கலாகாது. அப்படி ஒரு பிரதி இருந்தும்கூட, அதை ஒளியூட்டிக் காட்டும் விளக்கின் தன்மைக்கேற்பத் திரையில் நிறம் சற்றே மாறும் என்பதை மறக்கலாகாது.

2025 ஜூன் மாதத்தில் லண்டனில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட், தான் பாதுகாத்து வைத்திருந்த 1977ஆம் வருஷத்து டெக்னிகலர் பிரதியைத் திரையிட்டுக் காட்டியது. படத்தின் ஐம்பதாம் ஆண்டான 2027இல் அந்தப் பழைய ஸ்வரூபத்தையே புதுப்பித்து அரங்குகளில் வெளியிடப் போவதாக உரிமையாளர்களும் அறிவித்திருக்கிறார்கள். அரங்கில் சில வாரங்கள் ஓட்டிவிட்டு மறுபடியும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல், எவரும் எக்காலத்தும் வாங்கிப் பார்க்கும்படி டிஸ்க்காகவும் அதை அவர்கள் வெளியிட வேண்டும். நிறம் பார்க்கும் பணிக்கு, இத்தனை காலம் அந்தப் பிரதிகளோடு பழகிய ரசிகர்களையும் உடன் அழைத்துக்கொள்ள வேண்டும்.