தம்பி வரைந்த வீமன்

சென்ற பங்குனித் திருவிழாவின்போது, கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு வாயிலுக்கு முன்னே பாண்டவர் ஐவரின் பெருவுருவங்கள் வழக்கம்போல் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றைக் கண்டுவந்த நம் சங்கத்துப் பிள்ளை ஒருவன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், வீமனை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து நம் கையில் கொடுத்தான். "மாமா, உள்ளதைச் சொல்லுங்கள்" என்றான். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை நடத்தும் அவன் தந்தையாரும் உடன் நின்றார். "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அண்ணாச்சி, இதை விட்டுப் படிப்பைப் பார்ப்பான்" என்றார் அவர்.

உடனே வாய் திறக்க நமக்கு அச்சமாயிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நம் தெருச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியின் முகத்தை வரைந்து காட்டினாள். "இது பாட்டியா, மேத்தன் மணியா?" என்று கேட்டோம். மணிக்கொரு முறை வாய் திறக்க, இரு ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் முட்டும்படி அமைந்த அந்தத் தாடிமுகக் கடிகாரத்தை அறியாதார் இவ்வூரில் யார்? எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதன்பின் அவள் கையில் பென்சிலை நாம் காணவில்லை. இன்று அவர் இரு பிள்ளைகளுக்குத் தாய். அந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்க நமக்கு இன்னும் துணிவு வரவில்லை.

தம்பியின் படத்தை நெடுநேரம் பார்த்தோம். கழுத்திலிருந்து தோள்வரை ஓடிய கோடு, அழித்தெழுதாமல் ஒரே இழுப்பில் அமைந்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டி முதலிற் பாராட்டினோம். "நன்றாயிருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் ஒரு வகையில் கதவடைப்பதுதான். எது நன்று என்று அறியாதவன் அதை மறுமுறை எப்படிச் செய்வான்?

பின்பு கேட்டோம்: "இந்தக் கதாயுதம் எவ்வளவு கனம் இருக்கும், தம்பி?"

"ஐம்பது கிலோவாவது இருக்கும், மாமா."

"ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றியவர் உன் வீமனைப்போல் நேராகவா நிற்பார்?"

பையன் விழித்தான். விடை தந்தையாரிடமிருந்து வந்தது. "உடல் மறுபக்கம் சாயும், கால் அகன்று ஊன்றும். தினமும் கடையில் பார்க்கிறாயே!" என்றார்.

வலக்கை முதுகுக்குப் பின்னே மறைந்திருந்த காரணத்தையும் கேட்டோம். "விரல் எழுத வரவில்லை" என்று தலைகுனிந்தான். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள நீளமும், நெற்றி மயிரோரத்திலிருந்து மோவாய்வரை உள்ள நீளமும் ஏறத்தாழ ஒன்றே. அதைத்தான் நம் சிற்பிகள் தாலம் என்று அளவாகக் கொண்டார்கள். அவனையே தன் கையை முகத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். வரைகின்ற வலக்கைக்கு இடக்கை எந்நாளும் கூலியில்லாத மாதிரி அல்லவா? வீமனுக்குத் திரைப்பட நடிகர் ஒருவரின் முகம் வாய்த்திருந்ததை மட்டும் அன்று சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு குறை போதும்.

1848-இல் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா சிறுவயதிற் சுவரெல்லாம் கரியால் வரைந்தபோது, மாமன் இராசராசவர்மா கடிந்துகொள்ளாமல் கற்பித்தார் என்பர். 1862-இல் அப்பிள்ளையை இவ்வூர் அரண்மனைக்கு அழைத்துவந்தவரும் அவரே. இங்கே அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தாராம். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டும் இசைந்தாராம். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாக உதவினார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கம் இரவிவர்மாவுக்குக் கிடைத்தது. நாயக்கர் வல்ல ஓவியர். ஆயினும் இன்று பலர் அவரை நினைப்பது, மறுத்தவர் என்றே.

சென்ற வாரம் தம்பி மீண்டும் வந்தான். வீமன் இல்லை, நான்கு தாள் நிறையக் கைகள். ஒன்றில் மூட்டை சுமக்கும் தொழிலாளி; மற்றொன்றில் பொட்டலம் கட்டும் தந்தையின் கை. நாம் வாய் திறக்குமுன் தந்தையார் குனிந்து பார்த்தார்.

"நூலை இழுக்கிற விரல் இப்படி மடங்காது, மகனே. கடைக்கு வா, கட்டிக் காட்டுகிறேன்" என்றார்.