காப்பும் கோழிச்சோறும்

"டொலர் வாங்கி விற்றால் வீட்டிலிருந்தே உழைக்கலாம்" என்று நானா கைபேசியைக் காட்டினார். உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. இரண்டு கிழமையில் காசும் போனது. அன்றும் உம்மா மூடியின் மேல் தணல் பரப்பிக் கோழிச்சோறு சமைத்தார்.

நாணயத்தின் முதற்பாடம் அந்தச் சட்டியிலேயே இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பு சந்தையிடம் விடப்பட்டது. ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. தீவனச் சோளத்தில் ஒரு பகுதியும் மருந்தும் வெளிநாட்டிலிருந்து வருவதால் கோழியின் விலையும் ஏறியது. மொட்டைக்கறுப்பன் அரிசியோ எங்கள் பூநகரி வயலில் விளைந்தது. சோறாவது மிஞ்சியது.

நாணயமாற்று கைக்குக் கை நடக்கவேண்டும் என்கிறது மார்க்கம். நானாவின் கைக்கு ஒரு டொலரும் வரவில்லை. நூறு மடங்கு கடனில் வாங்கினால், விலை நூற்றுக்கு ஒன்று இறங்கினாலே முதல் முழுவதும் போய்விடும். இது வியாபாரமல்ல, பந்தயம். அனுமதியற்ற தளங்கள் குறித்து மத்திய வங்கியும் எச்சரித்திருக்கிறது.

சகோதரிகளே, நாணயத்தைப் பற்றிப் படிப்போம். விலை ஏன் ஏறுகிறது என்று அறிவதற்காகப் படிப்போம். வீட்டு நகையை வைத்து விளையாடுவதற்காக அல்ல. உம்மா இன்றுவரை அந்தக் காப்பைக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.