இந்த வீட்டையும் மேடை ஏற்றுங்களேன்!

பழைய பேப்பர், காலி ஹார்லிக்ஸ் பாட்டில், கம்பி ஒடிந்த குடை, ஓடாத மிக்ஸி... 'என்னிக்காவது உதவும்'னு பரணில் ஏற்றி வைக்காத வீடு நம்மில் உண்டா? இப்படிச் சேர்த்து வைக்கும் ஒரு மாமி நாடகத்தில் வந்தால் சபாவே குலுங்கிச் சிரிக்கும். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால், அதே மாமி வீட்டில் உட்கார ஒரு நாற்காலி காலியாக இல்லை, பெண் பார்க்க வருகிறவர்களை உள்ளே கூப்பிட வழியில்லை, மகளின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது என்றால்? அந்த இரண்டாம் பாதியையும் நம் நாடகக்காரர்கள் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் ஒரு நிஜக் குடும்பத்தின் கதை இப்படி மேடை ஏறியிருக்கிறது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த ஹோமர், லாங்லி காலியர் என்ற அண்ணன் தம்பி. அப்பா டாக்டர், அண்ணன் வக்கீல். அண்ணனுக்குக் கண் பார்வை போய், கை காலும் முடங்கிவிட, தம்பிதான் ஊட்டி விட்டுப் பார்த்துக்கொண்டார். 'அண்ணனுக்குப் பார்வை வந்ததும் படிக்கணுமே' என்று செய்தித்தாள்களை வருடக்கணக்கில் அடுக்கி வைத்தார்! 1947 மார்ச்சில் போலீஸார் உள்ளே நுழைந்தபோது அண்ணன் இறந்து கிடந்தார். தம்பியை ஊரெல்லாம் தேடினார்கள். ஏப்ரலில்தான், அண்ணன் கிடந்த இடத்துக்குச் சுமார் 10 அடி தள்ளி, சரிந்த குவியலுக்கு அடியில் அவர் உடல் கிடைத்தது. தம்பி சிக்கிக்கொண்டதால், சாப்பாடு தர ஆளில்லாமல் அண்ணனும் போய்விட்டார். அந்த வீட்டிலிருந்து அகற்றியது 100 டன்னுக்கும் மேல். அதில் 14 பியானோக்கள்! இவர்களை மனதில் வைத்து, கற்பனையும் கலந்து ரிச்சர்ட் கிரீன்பெர்க் எழுதிய 'தி டாஸில்' நாடகம் 2002-ல் நியூயார்க்கில் அரங்கேறியது.

அந்தத் தம்பியைக் கஞ்சன் என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா? கஞ்சனுக்குக் காசு கையை விட்டுப் போகக் கூடாது. பதுக்கல்காரனுக்கு விலை ஏற வேண்டும். இவர்களுக்கோ கிழிந்த பையைத் தூக்கிப் போடுவதுகூட உறவைப் பிரிகிற மாதிரி வலிக்கும். இதை 'ஹோர்டிங் டிஸ்ஆர்டர்' என்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் இதைத் தனி நோயாகவே தன் கையேட்டில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. பெரும்பாலும் விடலைப் பருவத்தில் தலைகாட்டி, வயது ஏற ஏற முற்றுகிறது. துணையை இழப்பது போன்ற பெரிய துக்கத்துக்குப் பிறகு அதிகமாவதும் உண்டு.

"அப்படின்னா எங்கம்மாவுக்கும் வியாதியா?" என்று பதற வேண்டாம். பஞ்சகாலம் பார்த்தவர்கள் பொருளை மதிப்பது சிக்கனம். சமைக்க மேடையும், படுக்கக் கட்டிலும், நடக்க வழியும் இருக்கிறதா? கவலையே இல்லை. அவை ஒவ்வொன்றாக அடைபட்டு, 'இதை எடுத்துடலாமா?' என்று கேட்டாலே அழுகையும் சண்டையும் வருகிறதா? அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

உடம்புக்கு வரும் கேடு கொஞ்சமா? தூசியும் கரப்பானும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். தாத்தா தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போச்சு. காலாவதியான மாத்திரையும் புது மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கும். தீப்பிடித்தால் ஓட வழியிருக்காது. மனசுக்கு வருவது அதைவிட மோசம். பிள்ளைகள் சிநேகிதர்களை வீட்டுக்குக் கூப்பிடக் கூசுவார்கள். கணவர் ஆபீஸிலிருந்து வேண்டுமென்றே லேட்டாக வருவார். 'எங்களைவிட இந்தக் குப்பைதான் உனக்கு ஒசத்தியா?' என்ற கேள்வி ஒருநாள் வெடிக்கும்.

நான் பார்க்க விரும்பும் காட்சி அதற்கு அப்புறம் வருகிறது. அம்மா ஊருக்குப் போன சமயம் பார்த்து, மகன் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு அத்தனையையும் ஏற்றி அனுப்பிவிடுகிறான். வீடு பளிச்! அம்மா திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். நல்லது செய்ததாகத்தான் மகன் நினைக்கிறான். ஆனால், மனநல மருத்துவர்கள் 'செய்யாதீர்கள்' என்று சொல்வது இதைத்தான். காலியான இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். உடைந்த நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது. பேச்சு வழியான சிகிச்சை இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அவர்களே முடிவெடுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து தேவைப்படலாம்.

இதை டாக்டர் சொன்னால் போதாதா, நாடகம் எதற்கு என்கிறீர்களா? இந்த நோய் உள்ளவர் பலர் தனக்கு நோய் என்றே ஒப்புக்கொள்வதில்லை. டாக்டரிடம் எப்படிப் போவார்? நாடகத்துக்குப் பாட்டியும் மருமகளும் பேரனும் ஒரே வரிசையில் வந்து உட்காருகிறார்கள். வீட்டில் சொன்னால் குத்தலாகப் படுவது, மேடையில் இன்னொருத்தர் கதையாக வரும்போது காதில் ஏறும். திரும்பி வரும் வழியில் பாட்டியே பேச்சை ஆரம்பிக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். கடைசிக் காட்சியில் வீட்டை மொத்தமாகக் காலி செய்து சுபம் போட்டுவிடாதீர்கள். ஒரு நாற்காலி காலியாகட்டும். அதில் மகளை அம்மா உட்காரச் சொல்லட்டும். அதுவே பெரிய வெற்றி.

நாடகம் வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். போன் செய்வதற்கு முன்னால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இது யார் கொடுத்ததும்மா?" என்று ஒரு பொருளைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். வைத்தியம் பாதி அங்கேயே ஆரம்பமாகிவிடும்!